மூன்றாவது சிலிண்டர்

மூன்றாவது பிளக்கின் ஒயரைப் பிடுங்கியபோது எஞ்சின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. சவுரியப்பன் திரும்பச் செருகினான், அப்போதும் இல்லை. மற்ற மூன்றில் எந்த ஒயரைப் பிடுங்கினாலும் வண்டி தள்ளாடுகிறது. இது மட்டும் செத்துக் கிடக்கிறது. டப், டப், டப், அப்புறம் ஒரு பள்ளம். மூன்று வாரமாக இதே மிஸ்ஸிங்.

பிளக் புதுசு, ஒயர் புதுசு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகூடப் புதுசு. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தால் நீலப்பொறி சுளீரென்று அடிக்கிறது. பிளக் ஓட்டையை விரலால் அடைத்தால் காற்று விரலைத் தள்ளுகிறது. பெட்ரோலும் வருகிறது. அப்புறம் என்ன கேடு இந்தச் சனியனுக்கு?

"என்னா சவுரி, ஆச்சா?" டிரைவர் சீட்டிலிருந்து கிருஷ்ணப்பன் கேட்டார். அறுபத்து மூணாம் வருஷத்துக் கறுப்பு டாக்சி அது, அவருடையது. வத்தல்மலை அடிவாரத்தில் அந்த ஊருக்கே அது ஒன்றுதான் கார்.

"பாத்துட்டே இருக்கறனுங்கண்ணா."

"வெரசாப் பாரப்பா. போவ வேண்டியது உம் பொண்டாட்டி."

அவனுடைய மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. மூன்று மணியிலிருந்து சகாயமேரிக்கு வலி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொழந்த குறுக்கால கெடக்குது, என்னால ஆவாது, தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடு" என்று கையை விரித்துவிட்டாள். இனி எட்டரைக்குத்தான் பஸ்.

அவள் முனகல் ஷெட்டு வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தை இந்த வண்டி ஏற்கெனவே கேட்டிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நண்பகல். இதே போல ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கையில் இருக்கும்போது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. மூவேளை மணி அடித்தால் எந்த வேலையானாலும் போட்டுவிட்டு, கையைத் துடைத்து, கோயில் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிச் செபிப்பது அவன் சின்ன வயசுப் பழக்கம். செபம் முடியும்முன் கிருஷ்ணப்பன் ஓடி வந்தார். மலையிலிருந்து கோவிந்தம்மாளைத் தூளி கட்டி இறக்கியிருந்தார்கள், பிரசவ வலி, உயிருக்குப் போராட்டம். அவன் சிலுவை போட்ட கையோடு பானெட்டைச் சாத்திச் சாவியைக் கொடுத்துவிட்டான்.

வண்டி மேட்டில் ஏறவில்லை. நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். பானெட்டைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பின்சீட்டில் கோவிந்தம்மாள் பல்லைக் கடித்து மூச்சை இழுத்து இழுத்துக் கடைசியில் அடங்கிப் போனாள், பிள்ளை வயிற்றிலேயே இருக்க. வண்டி ஷெட்டுக்குத் திரும்பியதும் சவுரியப்பன் தனியாகத் திறந்து பார்த்தான். மூன்றாவது ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்திச் செருகினான். கோயிலில் சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட அவன் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூன்றாவது அடிக்கவில்லை.

நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். முதல் சிலிண்டரில் வால்வுகள் கடகடத்தன, இரண்டாவதில் பிஸ்டன் ஏறி இறங்கும் கனத்த சத்தம், நான்காவதிலும் அதே, வெளியே இருட்டிக்கொண்டு வர, தகரக் கூரையில் காற்று உரச, கருகிய ஆயில் வாடை தொண்டையில் படிய, அவன் நுனியை மெல்ல மூன்றாவதுக்கு நகர்த்தினான்.

மூச்சு. பல்லைக் கடித்து இழுக்கும் மூச்சு.

"ஆஃப் பண்ணுங்கண்ணா!"

எஞ்சின் நின்றது. மூச்சு நிற்கவில்லை. ஆயில் வாடை போய் விளக்கெண்ணெய் வாடை வந்தது. கோவிந்தம்மாள் வயிற்றில் தடவி அனுப்பிய விளக்கெண்ணெய்.

"ஆத்தா, மன்னிச்சுரு," என்றான் சவுரியப்பன், உதடு மட்டும் அசைய. "எம் புள்ளைய விட்டுரு."

கோயிலில் ஆறு மணி அடித்தது. அவன் திரும்பவில்லை. கையெடுக்கவில்லை. மூன்றாவது ஒயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே நின்றான். கடைசி மணி அடங்கியபோது காதில் இருந்த மூச்சும் அடங்கியிருந்தது.

"இப்ப போடுங்க."

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. நாலும் அடித்தன. ஒரு பள்ளம் இல்லை.

"அட்றா சக்கை! போச்சுடா மிஸ்ஸிங்!" கிருஷ்ணப்பன் ஹாரனை அடித்தார். சவுரியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சகாயமேரியைத் தூக்கி வந்து பின்சீட்டில் படுக்க வைத்து, அவள் தலையைத் தன் மடியில் தாங்கினான். ஸ்க்ரூடிரைவர் இன்னும் கையிலேயே இருந்தது. வண்டி அந்த மேட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது.

"என்னாங்க," என்றாள் அவள். "புள்ள ஒரு மாதிரித் துடிக்குதுங்க. விட்டு விட்டு."

அவன் ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் துண்டில் சுற்றி மெல்ல அவள் வயிற்றில் வைத்தான். குனிந்தான். கைப்பிடியில் காதை வைத்தான்.

டப். டப். டப்.

பள்ளம்.

"என்னாங்க கேக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. நீ கண்ண மூடு."

டப். டப்.

பள்ளம்.

முன்னால் எஞ்சின் ஒரு அடிகூடத் தவறாமல் ஓடியது. சீட்டிலிருந்து விளக்கெண்ணெய் வாடை எழுந்தது. சவுரியப்பன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டான். ஒயரைச் செருகுவதுபோல, கறுத்த கட்டைவிரலால் அவள் வயிற்றை அழுத்தினான். இன்னும் அழுத்தினான். அவள் அலறினாள். அவன் விரலை எடுக்கவில்லை.

டப்.