நட்சத்திரங்கள் நகரவில்லை

முதலில் அவள் தொலைநோக்கியின் கேமராவைத்தான் சந்தேகப்பட்டாள். வடவானத்தின் ஓரத்தில் கிடக்கும் அந்தத் தொலைதூர விண்மீன் மண்டலம், நடுவில் ஒளிப்பட்டையும் அதன் இரு முனைகளிலிருந்து வளையும் கரங்களுமாக, சற்று முன் எடுத்த படத்தில் படுத்திருந்தது. இப்போது வந்த படத்தில் லேசாக எழுந்திருந்தது. ஒரு சுற்றுச் சுற்றவே அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கேமரா திரும்பியிருந்தால் எல்லாமே திரும்பியிருக்க வேண்டும். சுற்றியிருந்த நட்சத்திரங்களோ இம்மியும் நகரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவன் அந்தத் தொலைநோக்கியை யாரையும் தொட விட்டதில்லை. தூக்கம் கெட்டு, துரும்பாய் இளைத்து, இரவெல்லாம் அதன் கீழே இருக்கும் இந்த அறையில் காவல் கிடந்தான். சக்களத்தி என்றே அவள் கேலி செய்வாள். இன்று சாயங்காலம் அவனே, "இனிமே இது உன்னோடது, நீயே பாத்துக்கோ" என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலே தொலைநோக்கியின் மோட்டார் உறுமிக்கொண்டிருக்க, படிக்கட்டு வழியே எண்ணெய் வாசனையும் இரும்பின் குளிரும் இறங்கிவந்தன. அடுத்த படம் வந்தது. பட்டை நிமிர்ந்து நின்றது. கரங்கள் விரிந்திருந்தன.

கூரையை மூடும் பொத்தானை அழுத்தினாள். தகடுகள் கரகரவென்று நகர்ந்து, மோதி, மூடிக்கொண்டன. கேமரா தன்பாட்டுக்கு இன்னொரு படம் எடுத்தது.

நட்சத்திரங்கள் இல்லை. வானமே இல்லை. அது மட்டும் இருந்தது, முன்பைவிடப் பெரிதாக.

வீட்டிலிருந்த கணவனை அழைத்தாள். உடனே எடுத்தான்.

"ஏங்க, கூரை மூடியிருக்கு. அது உள்ள இருக்கு."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"இன்னொரு ஆள் உக்காந்தாதான் அது பழைய ஆள விடும்."

"தெரிஞ்சேவா என்னை உக்கார வெச்சீங்க?"

மறுமுனையில் கொட்டாவிச் சத்தம். "நான் தூங்கி ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். பயத்துக்கும் முன்னால் அந்த வலிதான் வந்தது. கதவுக்கு ஓடினாள். வெளியே தாழ்ப்பாள். சாயங்காலம் அவன்தான் கடைசியாக வெளியே போனவன்.

மேலே மோட்டார் நின்றது.

படிக்கட்டுச் சுவரில் வெளிறிய ஒளி. மெல்லச் சுழன்றது. ஒரு கரம் வளைந்து படியில் இறங்கியது. பிறகு மற்றது. இரண்டும் அகல விரிந்திருந்தன, அழும் குழந்தையைத் தூக்க வருவதுபோல.