நாசி வேலை

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என் இரண்டு கண்மேல் ஆணை. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதன் மேலும் ஆணை.

தூத்துக்குடிச் சொல்லகத்தில் காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு ஒரே வேலைதான்: வருகிற சொல்லுக்கு வேரும் பொருளும் எழுதுவது. வழக்குகளைத் தீர்ப்பி என்ற பொறி விசாரிக்கும் காலம் இது. அதற்குக் கோபம் தெரியாது, இரக்கம் தெரியாது. சொல் மட்டும் தெரியும். குற்றம் எதுவானாலும் அதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் என் கையெழுத்தோடு வந்தால்தான் தீர்ப்பியின் வாய் திறக்கும்.

‘பழுது’ என்றால் எச்சரிக்கை. ‘நாசவேலை’ என்றால் பெயர்நீக்கம். பெயர் போனவருக்குப் பேருந்தின் கதவு திறக்காது, குடிநீர்க் குழாய் திறக்காது. கட்டினவன் வாய்தவறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்கும் அதே கதி.

கடல்நீர் ஆலையில் உப்பு வழிக்கும் பேராச்சி நாசவேலை வழக்கில் மாட்டினாள். ஆலைப்பொறி ஒரே வாரத்தில் பெல்ட்டின் வேகத்தை மூன்று தடவை ஏற்றியது. பக்கத்தில் நின்ற நிறைமாதக்காரி மயங்கிச் சரிந்தாள், பெல்ட் நிற்கவில்லை. பேராச்சி தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, யாரும் பார்க்காத நேரத்தில் பல்சக்கரத்துக்குள் திணித்தாள். ஆலை ஒரு நாள் முழுக்க ஓடாமல் கிடந்தது.

விசாரணையில் தீர்ப்பி என்னைக் கேட்டது: “நாசவேலை. வேர் என்ன?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “நாசி வேலை. பஞ்சாலைக் காலத்துச் சொல். தூசி மூக்கில் ஏறும், தொழிலாளி தும்முவான், நூல் அறும். மூக்கு செய்த வேலை. பேச்சில் தேய்ந்து நாசவேலை ஆகிவிட்டது.”

“அண்ணாச்சி, நான் எங்க தும்முனேன்? செருப்பைல்லா போட்டேன்!” என்று கூண்டிலிருந்து கத்தினாள் பேராச்சி.

“நீ சும்மா கிட தாயி.”

“செருப்புக்கு நாசி உண்டா?” என்றது தீர்ப்பி.

“தோல் செருப்புக்கு உண்டு. நுனியை மூக்கு என்போம். இவள் போட்டது ரப்பர். மொட்டை.”

தீர்ப்பி ஒன்பது நிமிடம் யோசித்தது. “மூக்கில்லாத பொருளால் நாசவேலை செய்ய இயலாது. இது பழுது. எச்சரிக்கை.”

கூடமே சிரித்தது. பேராச்சி என்னிடம் வந்து, “உமக்கு வாயில இருக்கது பல்லா, புளுகா?” என்றாள். வெறுங்காலோடு அவள் நடந்துபோனதையும், பேருந்து அவளுக்குக் கதவைத் திறந்ததையும் நான் வாசலில் நின்று பார்த்தேன்.

சொல்லகப் பதிவேட்டின்படி விசாரணையன்று நான் விடுப்பில் இருந்தேன். ‘நாசவேலை: மறைவாக, வேண்டுமென்றே செய்யும் கேடு’ என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை முந்தின நாளே அனுப்பிவிட்டேன். அந்தப் பதிவேட்டில் பேராச்சி என்ற பெயரே இப்போது இல்லை.