முப்பத்திரண்டாவது ஊசி

"அந்தப் பொண்ணுக்கு நான் ஊசியே போடலைங்க சார்."

"அப்ப யாரு போட்டா? காத்துல பறந்து வந்து குத்துச்சா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! குத்துனது யாரு? என்ன மருந்து? அது தெரிஞ்சாதான் இவளைக் காப்பாத்த முடியும்!"

"குரலை ஒசத்தாதம்மா. நான் சப்-இன்ஸ்பெக்டர்."

"நான் நர்ஸ். உங்களுக்கு ஆள் கிடைச்சா போதும். எனக்கு இவ பொழைக்கணும்!"

கத்தியவள் செம்மொழி. கிராம சுகாதார நர்ஸ்.

தலைமையாசிரியர் அறை அது. மூலையில் ஒரு ஃப்ரிட்ஜ். மேஜை மேல் கசங்கிய ரோஜா மாலை, மடித்த பொன்னாடை, டீ ஃபிளாஸ்க், சர்க்கரை டப்பா.

பெஞ்சில்...

இர்ஃபானா. ஐந்தாம் வகுப்பு. பத்து வயது.

நினைவில்லை. மழையில் நனைந்து வந்தவள் மாதிரி சீருடை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அத்தனையும் வியர்வை! உள்ளங்கை மட்டும் ஆற்று மணலாய்ச் சில்லிட்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே குறுவை நடவு. செம்மொழியின் குரல் கேட்டு நடவுப் பெண்கள் இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

"ஆம்புலன்ஸ் எங்க சார்?"

"நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நிக்குதாம்..." முனகினார் தலைமையாசிரியர் அரசப்பன். "கூட்ஸ் வண்டி."

"ஆனா போலீஸ் அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சே! யாரு கூப்பிட்டது?"

"நான்தான்."

சுழல் நாற்காலியிலிருந்து பதில் வந்தது. தாளாளர் வைத்தியலிங்கம். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. நெற்றியில் சந்தனம்.

"புள்ளை விழுந்த உடனே போன் போட்டேன். என் பள்ளிக்கூடத்துப் பேரு கெடக் கூடாது பாருங்க."

"ஆம்புலன்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வைத்தியலிங்கம் வேட்டி மடிப்பை நீவினார்.

சப்-இன்ஸ்பெக்டர் ராஜராஜன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இந்தாம்மா. இன்னிக்கு ஊசி போட வந்தது நீ. ஊசி போட்ட இடத்துல புள்ளை விழுந்துடுச்சு. கையில ஊசி குத்துன தடம் இருக்கு. வேற என்ன வேணும்?"

"எண்ணத் தெரியும்ல சார்? எண்ணுங்க!"

செம்மொழி ஒரு சிவப்பு டப்பாவை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"ஒரு புள்ளைக்குப் போட்ட உடனே ஊசிமுனையை வெட்டி இதுல போட்டுடுவோம். மறுபடி யாரும் எடுத்துக் குத்தக் கூடாதுல்ல? முப்பத்தியொரு முனை இருக்கும். லிஸ்ட்டைப் பாருங்க. முப்பத்தியொரு டிக். முப்பத்திரண்டாவது பேரு இர்ஃபானா. அதுக்கு நேரா என்ன எழுதியிருக்கு?"

ராஜராஜன் குனிந்து படித்தார்.

"லீவு."

"யாரு எழுதச் சொன்னா தெரியுமா? இதோ இவரு! பத்தரை மணிக்கு நான் வந்தப்ப, 'இர்ஃபானா இன்னிக்கு லீவு சிஸ்டர்'னாரு. லீவு போட்ட புள்ளை பதினொரு மணிக்கு எப்படி சார் வகுப்புல மயங்கி விழும்?"

அரசப்பன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் காலண்டர் பார்ப்பவர் மாதிரி...!

"மறந்து சொல்லிட்டேன்..."

"மறந்து சொன்னீங்களா, மறைச்சுச் சொன்னீங்களா?"

"ஏய்! பெரிய மனுஷங்ககிட்ட பேசற மாதிரி பேசு!" வைத்தியலிங்கம் சீறினார். "ஊசி போடறதென்ன பெரிய வித்தையா? பன்னெண்டு வருஷமா எனக்கு சுகர். தினம் ரெண்டு வேளை எனக்கு நானே குத்திக்கறேன். எனக்கே ஊசிப் பாடமா?"

"உங்க உடம்புல நீங்க குத்திக்கங்க ஐயா. ஊரான் புள்ளைக்குப் போடணும்னா பயிற்சி எடுத்த நர்ஸ் வேணும், மேல ஒரு டாக்டர் பொறுப்பு வேணும். போட்ட பின்னாடி அரைமணி நேரம் உக்கார வச்சுப் பாக்கணும். சார், தடுப்பூசி ஒத்துக்கலைன்னா தடிப்பு வரும், முகம் வீங்கும், மூச்சு இழுக்கும். அதுக்கு மருந்து என் பையில இருக்கு. இவளுக்கு அது ஒண்ணுமே இல்லை. இது வேற. என்னன்னு தெரியாம நான் எதை ஏத்துவேன்?"

இர்ஃபானாவின் கால் ஒருமுறை வெட்டி இழுத்தது.

நேரம் ஓடியது.

அப்போதுதான்...

டிர்ரிங்ங்...!

அரசப்பனின் செல்போன். அவர் கட் செய்யப் போனார். ராஜராஜன் பறித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சார்! மஸ்கட்லேர்ந்து சித்தீக். இர்ஃபானாவோட அத்தா."

அரசப்பன் செல்போனுக்குக் கை நீட்டினார். ராஜராஜன் தள்ளி நின்றார்.

"நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன் சார்! ஸ்கூல் குரூப்புல போட்டோ பார்த்தேன். ஊசின்னா வீட்டையே ரெண்டாக்குவா எம் பொண்ணு. எப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா! தாளாளர் ஐயாவே தன் கையால போட்டுத் தொடங்கி வச்சாராமே... அப்புறம் பார்த்தா போட்டோவை அழிச்சிருக்கீங்க. பரவால்ல, நான் அதுக்குள்ள சேவ் பண்ணிட்டேன். ரூம்ல எல்லாருக்கும் காட்டிட்டேன் சார்!"

"அந்தப் போட்டோவை உடனே இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்றார் ராஜராஜன்.

"அனுப்பறேங்க. அவகிட்ட கொஞ்சம் குடுங்களேன். ஒரு வார்த்தை பேசிக்கறேன்..."

ராஜராஜனின் விரல் தானாக லைனைத் துண்டித்தது. முதல்முறையாக அவர் பெஞ்சின் பக்கம் திரும்பவே பயந்தார்.

படம் வந்தது.

'மாபெரும் தடுப்பூசி முகாம் துவக்க விழா' பேனர். மாலையோடு வைத்தியலிங்கம். அவர் கையில் ஊசி. ஊசிக்கு அடியில் ஒரு சின்னக் கை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது இருபது.

செம்மொழி வந்தது பத்தரைக்கு!

"என்னய்யா இது?" ராஜராஜன் படத்தை நீட்டினார்.

"ஒன்பதேகாலுக்கு மேல பத்தேகால் வரைதான் நல்ல நேரம்..." உளறினார் அரசப்பன். "அதுக்கப்புறம் ஐயா வலங்கைமான்ல ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பணும். நர்ஸ் வரலை. சும்மா போட்டோவுக்குத்தான் சார். தொட்டு எடுத்தா போதும்னு நான் சொன்னேன்..."

"போட்டோகிராபர்தான் அழுத்துங்க அழுத்துங்கன்னான்!" என்றார் தாளாளர்.

"சிரிஞ்சுக்குள்ள என்ன இருந்துச்சு?" செம்மொழி அவர் முகத்துக்கு எதிரே போய் நின்றாள்.

தாளாளரின் கண் மூலையிலிருந்த ஃப்ரிட்ஜுக்குப் போய் மீண்டது.

அவள் ஃப்ரிட்ஜைப் படாரென்று திறந்தாள்.

மல்லிகைப்பூப் பொட்டலம். தண்ணீர் பாட்டில். அதன் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி...

"இன்சுலின்!"

"என்னோடதுதான்... கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடக் கொண்டு வந்தது..." வைத்தியலிங்கத்தின் குரல் இறங்கியது. "கைக்குக் கிடைச்ச மருந்து அதுதான்."

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"கொஞ்சமா இருந்தா படத்துல தெரியாதேன்னு... ரொம்பிடுச்சு. எனக்கெல்லாம் அது ஒண்ணும் பண்ணாது."

"சிரிஞ்சு ரொம்புனா நாப்பது யூனிட்டு! பச்சைப்புள்ளைக்கு! சர்க்கரை அடியோட இறங்கியிருக்கு. எல்லாம் தெரிஞ்சும் உக்காந்து என்னைப் புடிச்சுக் குடுக்கப் பாத்தியாடா, பாவி!"

மரியாதை போயே போய்விட்டது. அதைத் தேடி எடுக்க அவளுக்கு நேரமில்லை.

இர்ஃபானாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மேஜையிலிருந்த சர்க்கரை டப்பாவைப் பிடுங்கினாள். விரல் நுனியில் ஈரச் சர்க்கரை. கன்னத்தின் உள்பக்கம், ஈறின் மேல், கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள்.

"முழுங்க வைக்காம பூசறேன். புரை ஏறிடும்... இர்ஃபானா! கண்ணு! நான் திட்ட மாட்டேன், கண்ணைத் தொற!"

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஆறு நிமிடம்...

சைரன்!

ஆம்புலன்ஸ் ஊழியர் ஓடி வருவதற்குள் செம்மொழி சொல்லிவிட்டாள். "இன்சுலின். நாப்பது. ஒன்பது இருபதுக்கு. குளுக்கோஸ் ஏத்துங்க!"

ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இருபத்தொன்பது காட்டியது. குளுக்கோஸ் ஏறியது. சொட்டு... சொட்டு...

இமை அசைந்தது!

"அத்தா..."

செம்மொழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அரசப்பனின் செல்போனில் மஸ்கட் நம்பரை அழுத்திச் சிறுமியின் காதில் வைத்தாள்.  

"ஒரே ஒரு வார்த்தை பேசு கண்ணு. மீதியை ஆஸ்பத்திரி போய்ப் பேசலாம்."

பகல் ஒரு மணி.

பள்ளி வாசலில் போலீஸ் ஜீப். பின் சீட்டில் அரசப்பன், பக்கத்தில் வைத்தியலிங்கம். மாலை இல்லை. பொன்னாடை இல்லை. இன்சுலின் குப்பி சாட்சிப் பொருளாக ராஜராஜனின் உறைக்குள் போயிருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார் ராஜராஜன். "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உங்களை ஜீப்புல ஏத்தியிருப்பேன்."

"ஏத்தியிருந்தா இப்ப சாவு வீட்டுக்குக் காவல் நின்னுருப்பீங்க."

செம்மொழி தடுப்பூசி ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டினாள். கயிற்றை இழுத்த வேகத்தில் உள்ளங்கை சிவந்தது.

"சிஸ்டர்..."

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல்.

வைத்தியலிங்கம்! கையில் டிரைவர் வாங்கி வந்திருந்த புது இன்சுலின். பிரிக்காத சிரிஞ்சு. முகமெல்லாம் வியர்வை.

"சாப்பாட்டு நேரமாயிடுச்சு. இதைப் போடாம சாப்பிட முடியாது..."

"போட்டுக்கங்க. பன்னெண்டு வருஷப் பழக்கமாச்சே!"

அவர் ஜீப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ராஜராஜன் இருந்தார். டிரைவர் இருந்தார். வரப்பேறி வந்த நடவுப் பெண்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். தாளாளர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அது சும்மா சொன்னது. தினம் என் வீட்டுக்காரிதான் போட்டு விடுவா. எனக்கு ஊசின்னாலே பயம் சிஸ்டர்... நீங்க கொஞ்சம்... வலிக்காம... போட்டு விடுறீங்களா?"