வட்டத்துண்டில் விழுந்த வளையங்கள்

"என் தம்பிய மரத்திருடன்னு எழுதி வச்சிருக்காங்க! எங்க வீட்டுல எவனும் அடுத்தவன் குச்சியக்கூடத் தொட்டதில்ல!"

ஓய்வுபெற்ற தபால் அதிகாரி துப்பறிவாளரின் மேஜையை ஓங்கித் தட்டினார். உட்காரச் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை.

தம்பி, சரணாலயத்தின் மேல்காட்டுக் காவலர். மரம் ஏற்றிய லாரி ஒன்று பிடிபட்டதும், மேல்காட்டில் வெட்ட விட்டவர் அவர்தான் என்று ரேஞ்சர் புகார் எழுதினார். அங்கே நின்ற அடிமரத்திலிருந்து தானே அறுத்து வந்ததாக ஒரு வட்டத்துண்டையும் ஆதாரமாக வைத்தார். அந்த ரேஞ்சர் இந்தப் பெரியவரின் சொந்த மருமகன். இன்று விசாரணை. தோற்றால் தம்பிக்கு வேலை போய்விடும், பெயரும் போய்விடும்.

"மாப்பிள்ளையே சொல்றாருன்னா..." என்று இழுத்தார் உதவியாளர். 'அவசரம்' என்பது அவருடைய பட்டப்பெயர்.

"வாய மூடுய்யா!" என்று சீறினார் பெரியவர்.

"வாங்க, துண்டைப் பார்ப்போம்" என்று எழுந்தார் துப்பறிவாளர்.

விசாரணை அறையில் வன அதிகாரியின் முன்னால் துண்டு கிடந்தது. பென்சிலால் வரைந்ததுபோல் வளையத்துக்குள் வளையம். துப்பறிவாளர் அதன்மேல் விரலை ஓட்டியபடி தம்பியைக் கேட்டார்.

"மேல்காடு எப்படி?"

"பசுமைமாறாக் காடுங்க. வருஷம் பூரா மழை, வருஷம் பூரா இலை."

"கீழ்க்காடு?"

"இலையுதிர் காடு. கோடையில மொட்டையா நிக்கும்."

"மொட்டையா நிக்கிறப்போ மரம் வளராது. மழை வந்தாத்தான் மறுபடி வளரும். அப்படி நின்னு நின்னு வளர்ந்தாத்தான் வளையம் இவ்வளவு தெளிவா விழும். நிக்காம வளர்ற மேல்காட்டு மரத்துல விழாது. சார், இது கீழ்க்காட்டு மரம்."

அவசரம் துள்ளினார். "கீழ்க்காட்டுக்கு ஒரே கேட்டு. சாவி ரேஞ்சர்கிட்ட!"

"மேல ஏறியிருந்தா அங்கயே ஒரு துண்டு அறுத்திருப்பாரு. அட்டை கடிக்குமேன்னு ஏறல. தான் வெட்டினதுலயே ஒண்ண எடுத்து வச்சிட்டாரு. ஆபீஸ் மேஜையில உக்காந்திருக்கவங்களுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனப்பு" என்றார் துப்பறிவாளர்.

ஓரமாக நின்ற ரேஞ்சர் அவசரமாக முன்னால் வந்தார். மாமனார் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "மாமா, வெளிய தெரிஞ்சா உங்க பொண்ணுக்குத்தானே அசிங்கம்? புகாரை வாபஸ் வாங்கிடறேன். வீட்டுக்குள்ள பேசிக்கலாம்."

பெரியவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தம்பியைப் பார்த்தார். அவர் இன்னும் குற்றவாளிபோலக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா கிசுகிசு? சத்தமாச் சொல்லு!" என்று கத்திவிட்டு வன அதிகாரியிடம் திரும்பினார்.

"எழுதிக்குங்க, சார். பொண்டாட்டியோட சித்தப்பா மேல திருட்டுப் பழி போட்டவன் இவன். என் மக என் வீட்டுல இருந்துக்குவா. உறவு என்னன்னு யாராவது கேட்டா, என் மருமகன்னே எழுதுங்க."