நீலக்கல்லின் ஆழம்

வெளிச்சம் பிந்தி வந்தது.

இரத்தினபுரியில் ஒரு இரத்தினக்கல் பரிசோதனைக்கூடத்தில் நான்கு வருடமாக வேலை செய்யும் நுஸ்கா இப்படியொன்றைப் பார்த்ததில்லை. வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே மின்னும் லேசர் ஒளி, கல்லுக்குள் புகுந்து வெளியேறி, மேசைக்கடியில் சுருட்டி வைத்த பல கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக்குள் ஓடும்போது நிறம் நிறமாகப் பிரியும். சிவப்பு முந்தும், நீலம் பின்தங்கும். அப்படி இழுபட்டு நீண்டால்தான் கணினியால் அதைப் படிக்க முடியும். கல்லின் தடிமனும் உள்ளேயுள்ள கீறல்களும் திரையில் வரும்.

பட்டை தீட்டி, அவள் கணவன் சான்றிதழுக்குக் கொடுத்த விரல் நகமளவு நீலக்கல். திரையில் தடிமன் பன்னிரண்டு மீட்டர் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை. முதலாளி நஜீப் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கூரைத் தகரத்தில் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, பூட்டிய ஏசி அறைக்குள் எங்கிருந்தோ பச்சை மண்ணின் வாடை வந்தது. வேறொரு கல்லை வைத்தாள். சரியாகக் காட்டியது. நீலத்தைத் திரும்ப வைத்தாள்.

பன்னிரண்டு. பழனியப்பன் இறங்கிய குழியின் ஆழம்.

மூன்று மாதத்துக்கு முன், கணவன் ஸியாமின் இரத்தினக்கல் குழிக்கு அவள் பகல் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். கூலிக்குத் தோண்டும் பழனியப்பன் கீழேயிருந்து அனுப்பிய கடைசிக் கூடையில்தான் இந்தக் கல் வந்தது. ஸியாம் அதைக் கழுவும்போதே குழி சரிந்தது. மண்ணுக்கடியில் பலகையைத் தட்டும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. ஆட்களைக் கூப்பிட்டால் அனுமதியில்லாத குழி என்பது வெளியே வந்துவிடும். ஸியாம் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீ ஒண்டும் கேக்கல்ல. யாரு கேட்டாலும் அப்பிடியே செல்லு."

மறுநாள்தான் தோண்டினார்கள். தண்ணீர் நிரம்பியிருந்தது, உடல் கிடைக்கவில்லை. பழனியப்பனின் மனைவி சீதாலட்சுமி தேயிலைத் தோட்டத்திலிருந்து நுஸ்காவைத் தேடி வந்தாள்.

"உள்ளுக்க உசிரோட இருந்தாருங்களா? அத மட்டும் சொல்லுங்க மிஸ்."

நுஸ்கா இல்லையென்று தலையாட்டினாள். கஷ்டப்படாமல் போனாரே, அது போதும் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள் சீதாலட்சுமி.

திரையில் எண் மாறியது. பதினொன்று.

ஒன்பது.

வரி வரியாகப் படம் விழத் தொடங்கியது. கீறல்கள் இருக்க வேண்டிய இடத்தில் குழிச் சுவரைத் தாங்கும் முட்டுப் பலகைகள். இடுக்குகளில் சேறு. ஒரு பலகையைப் பற்றியபடி ஒரு கை.

ஆறு.

லேசரை அணைத்தாள். எண் நிற்கவில்லை. ஸியாமுக்கு அழைத்தாள், பள்ளிவாசலில் இருந்தான் போலும், அவன் போன் அணைக்கப்பட்டிருந்தது. ஓட நினைத்தாள். திரையின் முன்னாலேயே நின்றாள்.

மூன்று.

"கேட்டிச்சு," என்றாள். "நீங்க தட்டினது எனக்குக் கேட்டிச்சு."

ஒன்று.

திரை இருண்டது.

கல்லைப் பார்த்தாள். அதன் ஒவ்வொரு பட்டையிலும், உள்ளிருந்து ஒரு விரல்நுனி. வெளுத்த தோல். ரேகைகளில் சேறு. அழுத்தம் கூடிக்கொண்டிருந்தது.