வளையலைக் கழட்டி வை, பாப்பா

மயிலம் பேருந்திலிருந்து இறங்கி, திண்டிவனம் சாலையிலிருந்த அந்தக் கல்லூரி நூலகத்தின் பின்னறைக்குச் சித்ரா வந்தபோது பகல்தான். மழை மூட்டத்தில் அறை இருண்டு கிடந்தது. ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, சுவர் நெடுகப் பழைய ஆய்வேடுகள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

கூலி கிடையாது. நெறியாளர் நெடுஞ்செழியன் சொன்னால் செய்ய வேண்டியதுதான். அவள் எழுதி முடித்த ஆய்வேடு அவருடைய கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு மனுஷன் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மகன் கல்யாணத்துக்குப் பந்தி விசாரிக்கக்கூட அவள்தான் போனாள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

"என்னோடத முதல்ல ஏத்திடும்மா. நாளைக்குத் துணைவேந்தர் அந்த இணையதளத்தத் தொறந்து வைக்கிறாரு. ஏத்தின உடனே உன்னுதுல கையெழுத்துப் போட்டுடறேன்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தார்.

அவருடையது ஒப்பாரிப் பாடல்கள் பற்றிய ஆய்வு. அந்த ஒரு புத்தகத்தை வைத்தே பேராசிரியரானவர். சித்ரா அதை விரித்துக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். மூடியை மூடிப் பட்டனை அழுத்தினாள்.

திரையில் முதல் பக்கம் வந்தது. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல்.

அவளுடைய விரல் இல்லை.

மறுபடி அழுத்தினாள். இப்போது மணிக்கட்டு வரை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட, நீரில் ஊறி வெளுத்த கை. அறைக்குள் கிணற்றுப் பாசி வாசனை அடித்தது.

டீ கொண்டுவந்த நூலக உதவியாளர் சவுரிராயன் திரையிலிருந்த வளையலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அமல்ராணி..." என்றார் மெல்ல. "எங்க ஊரு பொண்ணும்மா. நெடுஞ்செழியனோட படிச்சிது. டேப் ரெக்கார்டர தூக்கிக்கினு ஊரு ஊரா போயி ஒப்பாரி எழுதியாரும். எழுதின கட்டு மொத்தமும் ஒருநாளு இந்த ரூம்லயே காணாமப் போச்சி. தேடிக்கினே இருந்துச்சி பாவம். அப்புறம் கிணத்துல மெதந்துச்சி."

"எடுத்தது யாரு?"

"எப்டிம்மா சொல்றது? சாட்சி ஏது?"

ஸ்கேனர் தானாக உறுமியது. மூடிக்குள் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

திரையில் பக்கங்கள் ஒவ்வொன்றாக ஓடிக் கடைசியில் பின்னிணைப்புப் பக்கம் ஒன்று வந்தது. டேப்பில் பதிவானதை அப்படியே எழுதியிருந்த பக்கம். விரல் ஒரு வரியின் அடியில் நின்றது. வளவனூர்க் கிழவி ஒருத்தியின் பேச்சு அது.

'வளையலு சத்தம் டேப்புல வுழுது பாரு. கழட்டி வெச்சிட்டு எழுதிக்கோ பாப்பா.'

சித்ரா இரண்டு முறை படித்தாள். பயம் போன இடம் தெரியவில்லை. அடப்பாவி! திருடியதை ஒரு தடவையாவது படித்துப் பார்த்தானா?

ஆசிரியர் பெயர் கேட்ட கட்டத்தில் 'அமல்ராணி' என்று தட்டினாள்.

"இன்னும் முடியலியா?" நெடுஞ்செழியன் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். பையிலிருந்து அவளுடைய ஆய்வேட்டை எடுத்து, கையெழுத்தில்லாத பக்கத்தைக் காட்டி மேசைமேல் போட்டார். அப்புறம்தான் திரையைப் பார்த்தார்.

"என்னா இது? உன் வாழ்க்கை என் பேனாவுல இருக்குது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். வளவனூர்க் கிழவி உங்கள ஏன் 'பாப்பா'ன்னு கூப்பிட்டாங்க? எந்த வளையலைக் கழட்டி வெச்சீங்க?"

அவர் முகம் செத்துப்போனது. அவளைத் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து, ஆய்வேட்டைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டார்.

மூடி விழுந்தது.

வளையல்கள் குலுங்கின.

பச்சை வெளிச்சம் அவர் விரல்களின் அடியில் மெல்ல ஊர்ந்தது. இழுத்தார். கை வரவில்லை.

"விடு..." என்று முனகினார். "அமலு, விடுடி... தெரியாம எடுத்துட்டேன்..."

வாசலில் நின்ற சவுரிராயன் அதைக் கேட்டார். திரையில் நெடுஞ்செழியனின் மணிக்கட்டை வெளுத்த கையொன்று இறுக்கிப் பிடித்திருந்தது.

விட்டபோது, பையையும் குடையையும் போட்டுவிட்டு மழையில் ஓடினார். வலது கை தோளிலிருந்து துணிபோலத் தொங்கியது. இனி அந்தக் கை பேனா பிடிக்காது.

"போச்சேம்மா உன் கையெழுத்து" என்றார் சவுரிராயன்.

"போகட்டும்ணே. அந்தக் கையால எனக்கு வேணாம்."

பதிவேற்று என்ற பட்டனை அழுத்தினாள். அமல்ராணியின் ஆய்வேடு அமல்ராணியின் பெயரிலேயே ஏறியது.

தன்னுடையதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று மேசைக்குப் போனாள். திறந்து கிடந்த பக்கம் ஈரமாக இருந்தது. நெறியாளர் என்ற இடத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து, தண்ணீர் பட்டுக் கசிந்திருந்தது.

அமல்ராணி.

சித்ரா வளையல் போடுவதில்லை. ஆனாலும் அவளுக்குப் பக்கத்தில், யாரோ வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.