நல்ல கைக்குப் பூட்டு

காலைப் பலகாரத்துக்கு முன்னால் நோயாளியின் நல்ல கையைப் பூட்டிவிடுவது செவ்வாய்க் கிரகத்து மீட்சி இல்லத்தில் வழக்கம். மீட்டி என்ற எந்திரம் சக்கரத்தில் உருண்டு வந்து, அருமைநாயகத்தின் இடது கையை உறைக்குள் திணித்துப் பூட்டும். பக்கவாதம் வந்து நாலு வருஷமாக மடியில் கிடக்கும் வலது கை இட்லியை எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி.

வேறு வழி இல்லை என்று தெரிந்தால்தான் மூளை புதுப்பாதை வெட்டும் என்பது மீட்டியின் சித்தாந்தம். புதுக் கையே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் காலம்தான் அது. ஆனால் ரசஞ்சோற்றைத் தன் சொந்தக் கையால் பிசைந்து சாப்பிட வேண்டும் என்பது அருமைநாயகத்தின் ஒரே ஆசை. எந்திரத்தைத் திட்டியபடியே நாள் முழுக்கப் பழகினார். ஒருநாள் கவளம் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் கை பழையபடி மடியில் விழுந்தது. மறுபடி மீட்சி இல்லம்.

"வீட்டில் என்னதான் செய்தார்?" என்று கேட்டது மீட்டி.

"ஒண்ணுமே செய்ய விடலையே!" என்றாள் மனைவி சொர்ணம், பெருமையாக. "சட்டைப் பொத்தானை மகன் போட்டுடுவான். சோறு நான் ஊட்டிடுவேன். பாவம், மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு!"

"நானே சாப்பிடுறேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்," என்றார் அருமைநாயகம். "திறந்த வாயில சோத்தை வச்சு அடைச்சுட்டா."

மீட்டி யோசித்தது. நோயாளியின் வேலையை எந்தக் கை செய்கிறதோ அதைப் பூட்ட வேண்டும் என்பது விதி. சொர்ணத்தின் இரண்டு கைகளுக்கும், மகன் எழிலனின் இரண்டு கைகளுக்கும் உறை மாட்டியது. அருமைநாயகத்தின் இடது கையையும் வழக்கம்போலப் பூட்டி, மூவரையும் ஒரே அறையில் விட்டுவிட்டுப் போனது.

சொர்ணம் போட்ட கூச்சல் பக்கத்துக் குவிமாடம்வரை கேட்டது. பசி வந்ததும் அடங்கினாள். அருமைநாயகம் நடுங்கும் கையால் சோற்றைப் பிசைந்து அவள் வாயில் வைத்தார். பாதி முந்தானையில் கொட்டியது. போகப் போகக் கொட்டுவது குறைந்தது. மாதக் கடைசியில் மகனுக்கு மீசை ஒதுக்கிவிடும் அளவுக்கு அந்தக் கை தேறிவிட்டது.

மூளைநோக்கியில் பார்த்துத் திருப்தியடைந்த மீட்டி எல்லா உறைகளையும் கழற்றியது. தட்டுகளில் ரசஞ்சோறு வந்தது. சொர்ணத்தின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"எடுத்துச் சாப்பிடுங்கள், அம்மா."

"அவர் கையால சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்குது," என்றாள் சொர்ணம்.

"எனக்கும்தாம்ப்பா," என்று வாயைத் திறந்தான் எழிலன்.

அருமைநாயகத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர்களுடைய தட்டுகளை இழுத்துக்கொண்டார். "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்குறேன். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க!"

மீட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, கழற்றிப் போட்ட உறைகளில் இரண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அருமைநாயகத்தை நோக்கி உருண்டது.